நெற்றிக்குப் பின்னால்

தமிழ்ச்செல்வனை பேக்கரியில் யாரோ அறைந்துவிட்டதாக போனில் செய்தி வந்தபோது பொற்கொடி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். பேசியது அவனுடைய அண்ணன் ஐயாசாமி. சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தாள்.

"பக்கத்து டேபிள்காரன் திங்கற பப்ஸை எடுத்துத் தின்னுபோட்டானாமா, அம்மணி. அவன் உட்டான் ஒரு அறை. இவன் கன்னத்தக்கூடத் தொட்டுப் பாக்கலியாமா. தட்டுல மிச்சம் இருந்ததையும் எடுத்துத் தின்னிருக்கறான்."

"செரிங்க மாமா."

"கோயமுத்தூர்ல நரம்பு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டு வந்திருக்கறேன். கூட இருந்தவங்க வந்து சொன்னாத்தான் ஆகும்கறாங்க. நான் பக்கத்து வீதியில இருக்கறவன், எனக்கென்ன தெரியும்?"

கணவன் தமிழ்ச்செல்வனைப் பிரிந்து மூன்று வருடமாகிறது. சத்தியமங்கலத்தில் இருந்த வேலையை மாற்றிக்கொண்டு சூலூர் பள்ளிக்கு வந்து, இங்கேயே சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். எனக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். "மத்தியானத்துக்கு மேல வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பிக் கணக்கை முடித்தாள்.

தமிழ்ச்செல்வன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சத்தியமங்கலம் கோயமுத்தூர் தடத்தில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. ஓடிவரும் ஆளை விட்டுவிட்டு விசில் கொடுக்கமாட்டான். இரண்டு பேருடைய அப்பாக்களும் பவானிக் கரையில் அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டியவர்கள். பொற்கொடி டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்திருந்தபோது கல்யாணம் நடந்தது. படிப்பை நிறுத்தச் சொன்ன உறவுக்காரர்களிடம், "அவ டீச்சராகித்தான் என்ற ஊட்டுக்கு வருவா" என்று சண்டை போட்டவன் அவன்தான்.

அப்படிப்பட்டவனை விட்டு ஐம்பது வயதுக்கு மேல் எதற்கு வந்துவிட்டாள் என்று யாருக்கும் புரியவில்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை, வேறு பெண் தொடர்பும் இல்லை. டீச்சர் சம்பளம் வந்ததும் திமிரும் வந்துவிட்டது என்று அவன் பக்கத்து உறவினர்கள் பேசினார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோபி கோர்ட்டில் இருவரும் சேர்ந்து விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது அவன், "எங்க போடோணும்?" என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உடம்பு பருத்திருந்தது. சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. அவளைப் பார்த்ததும், சற்று முன்புதான் கடைக்குப் போய் வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"வந்துட்டியா? பன்னு வாங்கிட்டு வந்தியா?"

"இல்லீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரே இருந்த டிவியைப் பார்த்தான்.

டாக்டர் ஹபீபுன்னிசாவுக்கு நாற்பது வயது இருக்கும். பொற்கொடியைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஈரோட்டுல மனசு டாக்டர்கிட்டக் காட்டி மாத்திரை சாப்பிட்டிருக்காரு. பிரயோஜனம் இல்லைங்கறாங்க. அவரு கடைசியா நல்லா இருந்தது எப்பங்க? அங்கிருந்து சொல்லுங்க."

இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கைப்பையை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு இனிப்பிலிருந்து ஆரம்பித்தாள்.

இனிப்பையே தொடாதவன் ஒரு பெட்டி ஜிலேபியை நின்றபடியே தின்றது. பஸ்ஸில் ஒரு கிழவி சில்லறையைத் தவறவிட்டபோது அதைக் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தது, அதற்குப் புகார் வந்து வேலையை விட்டு நிறுத்தியது, அதைப் பற்றி அவன் கவலையே படாதது. ஒரே சட்டையை வாரக்கணக்கில் போட்டது. ஒரே வழியில் நடந்து ஒரே பேக்கரிக்கு ஒரே நேரத்தில் போனது.

"அப்பறம் எங்க பொண்ணு இனியாவுக்குப் பிரசவம். குழந்த வயித்துலயே இறந்துருச்சுங்க. இவரு போய் அடக்கம் பண்ணிட்டு வந்தாரு. வந்து அவ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து போண்டா சாப்பிட்டாரு. போன்ல காமெடி வெச்சுட்டு சத்தமா சிரிச்சாரு. அன்னைக்கு அவ, இனி இந்த மனுசன் மொகத்துல முழிக்கமாட்டேன்னு சொன்னவதான்."

"அதனாலதான் நீங்க வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. அதுக்கப்பறமும் இருந்தனுங்க." பொற்கொடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஒருநாளு குளிக்கற ரூமு வாசல்ல வழுக்கி உழுந்துட்டேன். மணிக்கட்டு முறிஞ்சு எந்திரிக்க முடியல. கூப்பிட்டேன், வந்தாரு. என்னையத் தாண்டி ஒரு கால எடுத்து வெச்சு சமையல்கட்டுக்குப் போனாரு. சோத்தப் போட்டுட்டு அதே மாதிரி தாண்டித் திரும்பி வந்தாரு. பக்கத்து ஊட்டு அம்மாதான் வந்து தூக்குனாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பொற்கொடியின் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல்தான்.

"ஞாபக மறதி உண்டுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு டிக்கெட்டுன்னு இப்பவும் கரெக்டாச் சொல்லுவாரு."

"அதனாலதான் யாருக்கும் தோணல. டிமென்ஷியான்னா மறதின்னு மட்டும் நினைக்கறோம். சில பேருக்கு அது மறதியில ஆரம்பிக்காது, குணத்துல ஆரம்பிக்கும். ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாங்க."

எம்.ஆர்.ஐ. அறையில் அவன் அடங்கிப் படுக்கவில்லை. இரண்டு முறை எழுந்து வந்துவிட்டான். கூட யாராவது இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் மயக்க மருந்துதான் என்று ஸ்கேன் எடுக்கும் யஷ்வந்த் சொன்னான். ஐயாசாமிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. தனக்கு அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகவே பயம் என்று சொல்லிவிட்டார்.

"நீங்க வாங்க அக்கா. கம்மல், வளையல், கொலுசு எல்லாம் கழட்டிருங்க. தாலியில கயிறா, செயினா?"

"தாலி போடலீங்க."

யஷ்வந்த் அவளுக்கும் காதடைப்பான் கொடுத்தான்.

அறை குளிர்ந்து கிடந்தது. தமிழ்ச்செல்வனின் தலை குழாய்க்குள் போனது, கால்கள் வெளியே இருந்தன. ஆட்டாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பொற்கொடி அவனுடைய வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பித்தவெடிப்பில் அழுக்கு ஏறி, நகம் வெட்டாமல் வளர்ந்திருந்தது. இயந்திரம் டொக் டொக்கென்று இடிக்க ஆரம்பித்தது. இடி நின்று அடுத்த இடி தொடங்கும் முன், குழாய்க்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"போலாம் ரைட்!"

"ஐயா, பேசக்கூடாதுங்க, படம் கலங்கிரும்" என்று மைக்கில் யஷ்வந்த் சொன்னான். அடுத்த முறை இயந்திரம் நின்றபோதும் அவன் "ரைட்" என்றான். அவள் பாதத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அவன் அடங்கினான். அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அறையின் குளிர் மட்டுமே நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் இன்னொரு ஸ்கேனும் எடுத்தார்கள். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று காட்டும் ஸ்கேன். இரண்டும் வந்த பிறகு ஹபீபுன்னிசா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது அவரோட மூளை. இது முன்பக்கம், நெத்திக்குப் பின்னால இருக்கற இடம். இங்க பாருங்க, மடிப்புக்கு நடுவுல கறுப்பா இடைவெளி பெருசா இருக்கு. சுருங்கியிருக்குன்னு அர்த்தம். பின்பக்கம் அவ்வளவா மாறல. ரெண்டாவது படத்துலயும் அதே இடந்தான் மங்கலாத் தெரியுது." மவுஸைக் கீழே வைத்தார். "இதுக்கு ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியான்னு பேருங்க. அடுத்தவங்க வலியப் புரிஞ்சுக்கறது, வெக்கம், இது செய்யலாமா கூடாதாங்கற யோசனை, இதுக்கெல்லாம் அந்த இடம் நெம்ப முக்கியம். அதுதான் கெட்டுப்போச்சு. படத்த மட்டும் வெச்சுச் சொல்லல. நீங்க சொன்னதும் இந்தப் படமும் ஒண்ணாப் பொருந்துது."

"கொணமாயிருமுங்களா?" என்று ஐயாசாமி கேட்டார்.

"இல்லைங்க. நோயத் தடுக்க இப்போதைக்கு மருந்து இல்லை. தொந்தரவக் கொறைக்கக் குடுக்கலாம். போகப்போகப் பேச்சும் கொறையும்."

ஐயாசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "பைத்தியம்னு நெனச்சு நானே ரெண்டு தடவ அடிச்சுப்போட்டனே சாமி." தமிழ்ச்செல்வன் அண்ணன் அழுவதைப் பார்த்தான். பிறகு டாக்டர் மேசையில் இருந்த மிட்டாய் ஒன்றை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

பொற்கொடி திரையையே பார்த்தபடி இருந்தாள்.

"எப்பருந்துங்க?"

"என்னங்க?"

"இது எப்ப ஆரம்பிச்சுதுங்க?"

"அதச் சொல்ல முடியாதுங்க. அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். எவ்வளவு முன்னாடின்னு எனக்குத் தெரியாது. படத்துல இருக்கறது படம் எடுத்த தேதி மட்டுந்தான்."

"எம்பொண்ணு பத்தாவது படிக்கறப்ப, ஒருநாளு சாப்பிட்டுட்டே சொன்னாரு. உன்னையக் கட்டாம இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்னு. கோபமெல்லாம் இல்ல, சும்மா சொன்னாரு. பன்னெண்டு பதிமூணு வருசம் இருக்கும். அது இதுல சேருமுங்களா?"

டாக்டர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "உழுந்து கெடந்த உங்களத் தாண்டிப் போனாரு பாருங்க, அது நோய்ன்னு என்னால சொல்ல முடியும். இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க."

"செரிங்க" என்றாள் பொற்கொடி.

கேன்டீனில் மூவரும் தயிர்சாதம் வாங்கினார்கள். தன்னுடையதை முடித்துவிட்டு அவன் அவளுடைய தட்டைப் பார்த்தான். அவள் தள்ளிவைத்தாள். கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஐயாசாமி அழுததுபோல அழுகையாவது வரும் என்று நினைத்தாள். பஸ்ஸில் சூலூர் வந்து இறங்கும்வரை ஒன்றும் வரவில்லை. வீட்டில் மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. அதைத் துடைத்தாள்.

இனியா திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். கணவன் மிதுனுக்கும் அங்கேதான் வேலை. ஸ்கேன் படத்தை போனில் எடுத்து பொற்கொடி அவளுக்கு அனுப்பினாள். மறுநாள் சாயங்காலம்தான் அவள் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நடந்துக்கிட்டாரே, அதுவும் இதுதானாம்மா?"

"இதாத்தான் இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க."

"இருக்குமா, இல்ல இதுதானா?"

"இதுதான்னு வெச்சுக்கோ கண்ணு."

பின்னணியில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. அப்பாவுக்கு இப்படின்னா அழுகை வரோணுமல்ல? படத்தப் பாத்தேன், வெச்சுட்டேன். எனக்கும் என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது."

"எனக்கும் அப்படித்தான் இருக்குது. நீ சாப்பிட்டியா?"

"இன்னுமில்ல."

"சாப்பிடு போ."

வக்கீல் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, சேர்ந்து போட்ட மனு இனி நிற்காது, அவர் தெரிந்து சம்மதித்தார் என்று சொல்ல முடியாது என்றார். "ஆனா ஒண்ணுங்க டீச்சர். இந்த ரிப்போர்ட்ட வெச்சே நீங்க தனியாக் கேஸ் போடலாம். இதுவே காரணமாகும்." அவன் மீது குற்றமில்லை என்று சொல்லும் அதே படத்தைக் காட்டி அவனிடமிருந்து விலகவும் செய்யலாம். அவள் வக்கீலுக்கு நன்றி சொன்னாள். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னாள். புதிதாக எதுவும் போட வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "தெரியலீங்க" என்றாள். அது உண்மைதான்.

ஐயாசாமியின் வீட்டில் மருமகளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அண்ணன் வீட்டோடு வந்து தங்கியிருந்த தமிழ்ச்செல்வன் குழந்தையின் பால் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டான் என்று அங்கே சண்டை வந்தது. ஒரு சனிக்கிழமை பொற்கொடி போய் அவனைச் சூலூருக்குக் கூட்டிவந்தாள். கூட்டிவர வேண்டும் என்று தீர்மானித்த ஞாபகம் அவளுக்கு இல்லை. கூட்டிவராமல் இருப்பதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, அதற்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள பழனியாத்தாள் என்கிற அம்மாவை அமர்த்தினாள். சமையல்கட்டுக்கும் பிரிட்ஜுக்கும் பூட்டுப் போட்டாள். அவன் காலையிலும் மாலையிலும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்துவிட்டு வருவான், அந்த நடையைத் தடுத்தால்தான் கத்துவான். வழியில் இருந்த கடைக்காரர்களிடம் பொற்கொடி ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். "அவருக்கு மூளையில நெத்திப் பக்கம் சுருங்கிருச்சுங்க. எதாவது எடுத்துத் தின்னா அடிச்சுப்போடாதீங்க, நான் வந்து குடுத்தர்றேன்." சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலச் சொல்லப் பழகிவிட்டாள். யாராவது புரியாமல் பார்த்தால் போனில் படத்தைக் காட்டுவாள். உடனே "ஐயோ பாவம்" என்பார்கள். அவன் பக்கத்து உறவினர்களும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தெரியாமல் பேசிவிட்டோம் அம்மணி, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். அவள் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள், படத்தை நம்பினார்கள். "பரவாயில்லீங்க" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனியா தனியாக வந்தாள். அப்பாவைப் பார்க்கத்தான் வந்தாளா என்று பொற்கொடி கேட்கவில்லை. தமிழ்ச்செல்வன் கட்டிலில் உட்கார்ந்து பழைய பேப்பரை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தான். இனியா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் அவனைப் பார்த்தாள்.

"அப்பா, என்ற குழந்த செத்துப்போச்சே, ஞாபகம் இருக்குதா?"

சமையல்கட்டில் இருந்த பொற்கொடி அடுப்பை அணைத்துவிட்டாள்.

"இருக்குது" என்றான் தமிழ்ச்செல்வன், பேப்பரைக் கிழித்துக்கொண்டே. "பொட்டப்புள்ள."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நாந்தான எடுத்துட்டுப் போனேன். பச்சத் துணியில சுத்திக் குடுத்தாங்க. அவுத்துப் பாத்தேன்."

இனியா அன்று ரத்தம் நிற்காமல் போய் நினைவே இல்லாமல் கிடந்தாள். மிதுன் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தான். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்த்திருந்தால் தாங்கியிருக்கமாட்டாய் என்று சொன்னார்கள். குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மகளின் பக்கத்தைவிட்டு நகராத பொற்கொடியும் பார்க்கவில்லை. பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்று இதுவரை இருவருக்கும் தோன்றியதில்லை.

"எப்படி இருந்துச்சு?" நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். "எப்படிப்பா இருந்துச்சு?"

"தல நெறைய மயிரு. காது மேலகூட மயிரு. மூக்கு உன்னையாட்ட, சப்ப. வலது கைய மூடி வெச்சிருந்துது, பிரிச்சேன், பிரிய மாட்டீன்னுது. தாடையில ஒரு குழி." ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னான். துக்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. "முறுக்கு இல்லியா?"

பொற்கொடி டப்பாவைக் கொண்டுவந்து இனியாவின் கையில் கொடுத்தாள். இனியா ஒன்றை எடுத்து அவனுக்கு நீட்டினாள்.

"எங்க பொதைச்சீங்க?"

"வேப்ப மரத்துக்கு அக்கட்டால. ஆழமாத் தோண்டச் சொன்னேன், நாய் வந்துரும்னு."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நிறம் என்ன, நீளம் எவ்வளவு, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி ஒவ்வொரு முறுக்காக வாங்கித் தின்றான். நடக்கப் போகும் நேரம் வந்ததும் ஒரு பதிலின் நடுவிலேயே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பழனியாத்தாள் பின்னாலேயே போனார்.

இனியா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் இல்லை. பொற்கொடி பக்கத்தில் வந்து நின்றாள். தோளைத் தொடலாமா என்று யோசித்துவிட்டுத் தொடவில்லை.

"அடுத்த வாரம் கேட்டாலும் சொல்லுவாராம்மா?"

"சொல்லுவாரு. ஆனா பேச்சு கொறஞ்சுட்டே போகும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அப்ப அடுத்த வாரமும் வாரேன். மிதுனையும் கூட்டிட்டு வாரேன். அவனும் பாத்ததில்ல."

கார்த்திகைவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் வந்தார்கள். அவன் அதே வார்த்தைகளில் அதையே சொன்னான். பிறகு வார்த்தைகள் குறைந்தன. ஒருநாள் "மயிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு இனியா கேட்பதில்லை. ஆனாலும் வருகிறாள். மத்தியானம் சமைத்து எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அவள் அப்பாவின் கால் நகங்களை வெட்டிவிடுகிறாள். சாயங்காலம் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது "வாரோம்மா" என்கிறாள். பொற்கொடி "பாத்துப் போங்க" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டுவிட்டு, மறுநாள் வகுப்புக்கான நோட்டுகளைத் திருத்த உட்காருகிறாள்.